வைரஸ் போய்விட்டது, வயிறு இன்னும் வரவில்லை

வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்த நான்காம் நாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் ஒரு பெட்டிக்கடையே பரப்பி வைத்திருந்தது. பால் பிரெட் இரண்டு, ரஸ்க் ஒரு பாக்கெட், ஹார்லிக்ஸ் ஒரு பாட்டில், ஆப்பிள் ஆறு, கணவரின் ஆபீஸ் நண்பர் பொள்ளாச்சியிலிருந்து வரும் வழியில் வாங்கி வந்த இளநீர் நாலு. எல்லாம் எனக்காக. அதில் எதையுமே நான் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

கோயம்புத்தூரில் வயிறு சரியில்லை என்று வாய் தவறிச் சொன்னால் அரை மணி நேரத்தில் பிரெட் வந்துவிடும். தெருவுக்கு இரண்டு பேக்கரி இருக்கிற ஊரில் வேறென்ன வரும்? பிரெட்டிலும் ரஸ்க்கிலும் கோதுமை. ஹார்லிக்ஸில் கோதுமை, பார்லி, பால் மூன்றும். ஆப்பிளில் பிரக்டோஸ் என்கிற பழச் சர்க்கரையும், சார்பிட்டால் என்கிற இன்னொரு சர்க்கரை வகையும். இளநீர் நாலு வாய்க்கு மேல் போனால் எனக்குப் பொருமும். வந்தவர்களிடம் இதையெல்லாம் விளக்குகிற தெம்பு அன்றைக்கு இல்லை. "வெச்சுட்டுப் போங்க, அப்புறம் சாப்பிடறேன்" என்றேன். என் மகள் ரஸ்க்கைப் பிரித்து அங்கேயே நின்றபடி மூன்று தின்றாள். அவளுக்கும் இதே வைரஸ்தான், எனக்கு ஒரு நாள் முன்னால் வந்தது. மூன்றாம் நாளே தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு நாற்பது நாளுக்கு மேல் ஆனது.

அந்த நாற்பது நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான், எழுதவும் அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

முதலில் ஒரு விஷயம். எனக்கு இருப்பது அலர்ஜி இல்லை. அலர்ஜி என்றால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே திருப்பி அடிப்பது, சிலருக்கு ஒரு வேர்க்கடலை உயிரையே வாங்கிவிடும். என்னுடையது வெறும் ஒத்துக்கொள்ளாமை. உயிர் போகாது, ஆனால் சில சர்க்கரைகளும் மாவுகளும் சிறுகுடலில் செரிக்காமல் அப்படியே கீழே இறங்கிப் பெருங்குடல் பாக்டீரியாவுக்கு விருந்தாகும். அவை சாப்பிட்டுவிட்டு வாயு விடும், செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். பாலில் இருக்கிற சர்க்கரையான லாக்டோஸ் விஷயம் 33 வயதில் மூச்சுப் பரிசோதனையில் தெரிந்தது. 25 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்துவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை குழாயில் ஊதச் சொன்னார்கள். குடலில் உண்டாகிற ஹைட்ரஜன் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியே வரும், தொடக்கத்தில் இருந்ததைவிட 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினால் செரிக்கவில்லை என்று அர்த்தம். எனக்கு 90ஐத் தாண்டியது. ஊதச் சொன்ன பெண் மீட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

கோதுமையும் வெங்காயமும் பூண்டும் பிறகு தெரிந்தன. அவற்றில் பிரக்டான் என்கிற நார்ச்சத்து இருக்கிறது, அதைச் செரிக்கிற நொதி மனிதர் யாருக்குமே கிடையாது, சிலருக்கு மட்டும் அது தாங்காது. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் உருவாக்கிய முறைப்படி சில வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தோம். (கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால், கோதுமைப் புரதத்தால் குடல் கெடுகிற சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வர வாய்ப்பு உண்டு. எனக்கு இல்லை.) சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் கொங்குச் சமையல் என்பது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். அரிசிம்பருப்பு சாதத்தில் பூண்டு போடக்கூடாது என்று நான் முதல் தடவை சொன்னபோது அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆனாலும் ஏழெட்டு வருஷத்தில் ஒரு கணக்குப் பிடிபட்டிருந்தது. பாலில் அரை டம்ளர் காபி வரை பரவாயில்லை. புளித்த தயிர் ஒரு கரண்டி பரவாயில்லை. கல்யாண வீட்டில் ஒரு பூரி என்றால் அன்று ராத்திரி மட்டும் கஷ்டம். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி நல்லது, வெள்ளைப் பகுதி கூடாது. தெரிந்த ஊரில் வண்டி ஓட்டுகிற மாதிரி எந்தத் திருப்பத்தில் பள்ளம் என்று தெரிந்து போய்க்கொண்டிருந்தேன். வைரஸ் வந்து அந்தக் கணக்கு முழுவதையும் அழித்துவிட்டுப் போனது. வாந்தியை எப்போதோ மறந்துவிட்டேன். இந்தக் கணக்கு போனதுதான் ஆறவில்லை.

சரி, எப்படி வந்தது? ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் கல்யாணம். திங்கள் ராத்திரி மகள், செவ்வாய் ராத்திரி நான், புதன் காலை கணவர். போன் போட்டால் நாமக்கல் சித்தி வீட்டிலும் இதே கதை. டாக்டர் டெஸ்ட் எதுவும் எழுதவில்லை, "வைரல், ரெண்டு மூணு நாள்ல அடங்கிரும்" என்றார். நோரோவாக இருக்கலாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் அதன் ஜாதகம் அப்படியே பொருந்தியது. உள்ளே போய் 12 முதல் 48 மணி நேரத்தில் ஆரம்பிக்கும், வாந்திதான் முந்தும், ஒன்றிலிருந்து மூன்று நாளில் அடங்கும். 1968-ல் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து நார்வாக் என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடமே படுத்துவிட்டது, அந்த ஊர்ப் பெயர்தான் சுருங்கி நோரோ ஆனது. மண்டபத்துச் சமையலைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்த வைரஸ் சில பத்துத் துகள் இருந்தாலே போதும், தாம்பூலப் பை கொடுத்த கையாகவும் இருக்கலாம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிய கையாகவும் இருக்கலாம். சானிடைசர் இதனிடம் அவ்வளவாகப் பலிக்காது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் உண்டு. நான் அன்றைக்கு முழுக்க சானிடைசர் போட்டுக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் ராத்திரி மூன்று மணிக்குப் பாத்ரூம் வாசலில் மொசைக் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தேன். தரையின் குளிர்ச்சி ஒன்றுதான் அந்த நேரத்தில் எனக்கு நல்லது செய்தது. கணவர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தார். ஒரு லிட்டருக்கான பாக்கெட் அது. வாயில் வைத்ததும் கடல் தண்ணீரில் ஆரஞ்சு மிட்டாய் போட்ட மாதிரி இருந்தது, துப்பிவிட்டேன். நல்லவேளை துப்பினேன், அவ்வளவு கெட்டியாகக் குடித்தால் குடல் இருக்கிற தண்ணீரையும் இழந்துவிடும். மறுபடி லிட்டர் அளந்து கரைத்தார். அதற்குப் பிறகு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன், செல்போனில் நேரம் பார்த்துப் பார்த்து. நான் வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி முதலிலிருந்து. விடிகிறபோது அவருக்கே முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் வந்துவிட்டது என்று அப்புறம்தான் புரிந்தது.

இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோரத்து பன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மகாலனபீஸ் என்கிற டாக்டர் டிரம்களில் இதைக் கரைத்து வைத்து நோயாளிகளின் சொந்தக்காரர்களையே டம்ளரில் மொண்டு கொடுக்கச் சொன்னார். அதுவரை நோயாளிகளில் நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த முகாமில் அது நான்கு பேருக்கும் கீழே இறங்கியது. சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாக வந்தால் குடல் சுவரில் ஒரு வழி திறந்து, பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும், வயிற்றுப்போக்கு நடந்துகொண்டிருக்கும்போதும் அந்த வழி வேலை செய்யும். என்னைப் போன்ற ஆட்களுக்கு இன்னொரு லாபம், இதில் இருப்பது குளுக்கோஸ் மட்டும். பால் இல்லை, கோதுமை இல்லை, பிரக்டோஸ் இல்லை. அந்த வாரம் வீட்டுக்குள் வந்த பொருள்களில் என் வயிற்றோடு சண்டை போடாதது இது ஒன்றுதான். ஆனால் பாக்கெட்டின் மேல் உலக சுகாதார நிறுவனத்தின் பார்முலா என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற இனிப்புத் தண்ணீர்கள் வேறு. சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் போடக்கூடாது என்றது. இளநீரும் இதற்கு மாற்று இல்லை, அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலத்திலிருந்து கஞ்சி.

கஞ்சி வைப்பதை ஒரு வேலை என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. அத்தை நொய்யரிசியை எண்ணெய் விடாமல் வாணலியில் போட்டு, நிறம் மாறாமல் வாசம் மட்டும் வருகிற வரை வறுப்பார். ஒரு பங்கு நொய்க்குப் பத்துப் பங்கு தண்ணீர், குக்கரில் ஆறு விசில். ஆவி அடங்கிய பிறகு மத்தால் கடைந்து, டீ வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் அழுத்தி வடிப்பார். டம்ளரில் ஊற்றி வைத்தால் இரண்டு நிமிஷத்தில் மேலே மெல்லிசாக ஒரு தோல் படியும், ஸ்பூனால் தொட்டால் சுருங்கும். அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு கீழே இருப்பதை மட்டும் குடிக்க வேண்டும். முதல் வாய் குடித்தபோது உப்பின் சுவை நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்பு இவ்வளவு ருசியா என்று இருந்தது. அரை டம்ளர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன். உள்ளே தங்கியது.

நம் ஊரில் நோய்க்குக் கஞ்சி என்பது வெறும் பழக்கமில்லை. மூச்சில் ஹைட்ரஜன் அளந்து பார்த்த ஆய்வுகளில் அரிசி மாவு ஒன்றுதான் சிறுகுடலிலேயே அநேகமாக முழுசாகச் செரித்துவிடுவது தெரிந்தது. கோதுமை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் மிச்சம் கீழே போய் வாயு உண்டாக்கும். ஆனால் அது சூடான அரிசிக்குத்தான். சோறு ஆறிக் கிடந்தால் அதன் மாவில் ஒரு பகுதி செரிக்காத மாதிரி மாறிவிடுகிறது. ஆரோக்கியமான வயிற்றுக்கு அது நல்லதுதான், எனக்கு அந்த நேரத்தில் இல்லை. பழைய சோறு சாப்பிட்டால் வயிறு குளிரும் என்று நாலு பேர் சொன்னார்கள், அதற்குத் தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் என்றும் சொன்னார்கள். நான் சூடான சோற்றோடு நின்றுகொண்டேன். ஏழாம் நாள் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் இல்லாமல் உப்பும் ரெண்டு சொட்டு நல்லெண்ணெயும் மட்டும் விட்டுப் பிசைந்து கொடுத்தார் அத்தை. கல்யாணச் சாப்பாட்டைவிட அது பெரிசாக இருந்தது.

பத்தாம் நாள் எல்லாரும் "சரியாயிருச்சா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். "சரியாயிருச்சில்ல" என்றே ஆரம்பித்தார்கள். ஆபீசுக்கும் போக ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் நாள் காலை எனக்கே நம்பிக்கை வந்து, பழைய அளவுதானே என்று அரை டம்ளர் பில்டர் காபி குடித்தேன். பதினொரு மணிக்கு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது என் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்டிருக்கும். அன்று நாலு தடவை. ராத்திரி வயிறு கல் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. வைரஸே திரும்பி வந்துவிட்டது என்று அழுதேன்.

டாக்டரிடம் மறுபடி போனேன். மனுஷர் பொறுமையாக ஒரு தாளில் படம் போட்டார். சிறுகுடலின் உட்சுவர் டர்க்கி டவல் மாதிரி, முழுக்க சின்னச் சின்ன இழைகள். லாக்டோஸைச் செரிக்கிற நொதி அந்த இழைகளின் நுனிப் பக்கம் இருக்கிறது. வைரஸ் முதலில் மேய்வது அந்த இழைகளைத்தான். புது செல்கள் அடியில் பிறந்து மேலே ஏறி வர நாலைந்து நாள் போதும், ஆனால் ஏறி வந்தவை முதிர்ந்து பழையபடி நொதி சுரக்க வாரக்கணக்கில் ஆகும். பால் நன்றாகச் செரிக்கிற குழந்தைகளுக்கே வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரம் பால் ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால்தான். "உங்ககிட்ட ஏற்கெனவே இருந்ததே கொஞ்சம். அதையும் மழிச்சு விட்டுருச்சு. பழனியில மொட்டை போட்டுட்டு வந்த மறுவாரமே சடை பின்ன முடியுங்களா?" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு மொட்டைக் குடல் என்று பெயர் வைத்தாள் மகள்.

சந்தேகத்துக்கு மலப் பரிசோதனையும் எழுதினார், ஜியார்டியா என்கிற ஒட்டுண்ணியும் இதே மாதிரி இழுத்தடிக்குமாம். இல்லை என்று வந்தது. மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, எடை குறைந்துகொண்டே போவது, இதில் ஏதாவது வந்தால் காத்திருக்காமல் வரச் சொன்னார். பத்தில் ஒருவருக்கு இந்த மாதிரித் தொற்றுக்குப் பிறகு குடல் எரிச்சல் நோய் மாதக்கணக்கில் தங்கிவிடுவதும் உண்டு என்றார். நான் அந்தப் பத்தில் ஒருத்தியா என்று கேட்டேன். "ஆறு வாரம் கழிச்சுக் கேளுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மகளின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு, வயிறு என்ன சொன்னது. ஒரு வாரத்தில் எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். தெளியவில்லை, குழப்பம்தான் கூடியது. காபியை நிறுத்தியும் பதினைந்தாம் நாள் வெறும் ரசம் சாதத்துக்கு வயிற்றைப் பிசைந்தது. இது வைரஸ் விட்டுப்போன புண்ணா, ரசத்தில் எதுவும் இருக்கிறதா, இல்லை ஆபீசில் அன்றைக்கு நடந்த சண்டையா? ஒரே சத்தத்தை மூன்று பேர் போட முடியும் என்றால் யார் போட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரசத்தில் இருக்கத்தான் இருந்தது. பெருங்காயம். கடையில் கிடைக்கிற கூட்டுப் பெருங்காயத்தில் காயம் கொஞ்சம்தான், மிச்சம் கோந்தும் மாவும். சிலவற்றில் அரிசி மாவு, பலவற்றில் மைதா அல்லது கோதுமை மாவு. சிட்டிகை அளவுக்கு முன்பெல்லாம் எனக்கு ஒன்றும் ஆனதில்லை, டப்பாவைத் திருப்பிப் பார்த்ததும் இல்லை. இந்தத் தடவை திருப்பினேன், மைதா. அதற்குப் பிறகு வெறி பிடித்த மாதிரி வீட்டில் இருந்த எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தேன். குடலுக்கு நல்லது என்று மருந்துக்கடையில் கொடுத்த புரோபயாடிக் பொட்டலத்தில் பாக்டீரியாவுக்குத் தீனியாகப் பிரக்டோ ஆலிகோசாக்கரைடு சேர்த்திருந்தது. அது பிரக்டானின் தங்கச்சி. வயிற்று எரிச்சலுக்கான சிரப்பில் சார்பிட்டால். மாத்திரைகள் பலவற்றில் லாக்டோஸ், ஆனால் அது மில்லிகிராம் கணக்கு, பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது என்று மருந்தாளுநர் சொன்னபிறகு அதை மட்டும் விட்டுவிட்டேன். வேறொரு கடையில் முதல் நாளே ஆன்டிபயாடிக் அட்டை ஒன்றைக் கவரில் போட்டு நீட்டியதும் உண்டு. வைரஸுக்கு அது வேலை செய்யாது, இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் துடைத்துவிடும். வாங்கவில்லை. அந்தப் பதினைந்து நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

இந்தத் திருப்பிப் பார்க்கிற வெறியில் ஒரு ஆபத்து இருக்கிறது, அது எனக்கு இருபதாம் நாள்தான் உறைத்தது. நோட்டைப் புரட்டினால் நான் சாப்பிடுவது ஐந்தே பொருளாகச் சுருங்கியிருந்தது. சோறு, உப்பு, கேரட், முட்டை, வேகவைத்த அரைப்பழ நேந்திரன். 54 கிலோவிலிருந்து 49.5. ஒவ்வொரு தடவை வயிறு முனகும்போதும் கடைசியாகச் சாப்பிட்டதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, விசாரணை இல்லாமலேயே தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்பு எனக்கு உணவுத் திட்டம் போட்டுக் கொடுத்த டயட்டீஷியனுக்குப் போன் செய்தேன். "ஆகாதுன்னு எழுதறது சுலபம் மேடம், அப்புறம் அடிக்க மனசு வராது" என்றார். ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருள், ஒரு ஸ்பூன், மூன்று நாள் காத்திருங்கள், நடுவில் வேறு எதையும் மாற்றாதீர்கள் என்றார். ஒரு கெட்ட நாளை வைத்து முடிவு எடுக்கக் கூடாதாம், அதே பொருள் இரண்டு மூன்று தடவை அதே வேலையைச் செய்தால்தான் நம்பலாமாம். கோழியை வெங்காயம் இல்லாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரில் ஆரம்பித்தேன். பீர்க்கங்காய். பிறகு ஒரு ஸ்பூன் பாசிப்பருப்பு. இப்படிப் போனால் ஒரு மாதத்துக்குப் பத்துப் பொருள்தான் வரும். வந்தது ஒன்பது.

இதற்கு நடுவில் அத்தை கதையைச் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் மத்தியானம் சொம்பு நிறைய மோரோடு வந்து நின்றார். இஞ்சி தட்டி, கறிவேப்பிலை கிள்ளி, உப்புப் போட்டு, மேலே வெண்ணெய்த் துணுக்கு மிதக்கிறது.

"ஏங்கண்ணு, ஒரு வாய் மோரு குடிச்சா என்னாயிரும்? நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் மோரு குடிச்சுத்தான வவுத்தக் கட்டுனாங்க."

"வேண்டாங்கத்தை, எனக்கு இன்டாலரன்ஸ் இருக்குதுங்கல்ல."

"என்னமோ ஒண்ணு சொல்றே போ."

அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. புளிக்கப் புளிக்கத் தயிரில் லாக்டோஸ் குறையும், அதிலிருக்கிற பாக்டீரியாவே கொஞ்சம் செரித்தும் கொடுக்கும், மோர் என்றால் தண்ணீர் சேர்ந்து இன்னும் குறைவு. 1981-ல் வந்த ஓர் ஆய்வில் தென்னிந்தியர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு லாக்டோஸ் சரியாகச் செரிக்கவில்லை என்று கண்டார்கள், வடக்கே கால்வாசிப் பேருக்குத்தான். அப்படியும் நாம் காலம் காலமாகத் தயிர்சாதம் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறோம். பெரும்பாலோருக்கு அந்த அளவு தாங்கும். எனக்கும் ஒரு கரண்டி தாங்கியதுதானே. ஆனால் அந்தப் பதினாறாம் நாள் மொட்டைக் குடலுக்கு ஒரு சொம்பு மோர் தாங்காது என்பதை அவருக்கு எந்த வார்த்தையில் சொல்வது?

எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "டாக்டர் பத்தியம் சொல்லியிருக்காருங்கத்தை, நாப்பது நாளைக்கு."

அத்தையின் முகமே மாறிவிட்டது. சொம்பைக் கீழே வைத்தார். "பத்தியமா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று என்னைத் திட்டினார். பத்தியம் என்றால் அவருக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளுக்கும் மஞ்சள்காமாலைக்காரருக்கும் இருந்து பார்த்தவர். அதற்கு நாள் கணக்கு உண்டு, மீறினால் குற்றம் உண்டு, நடுவில் பாவம் பார்த்து ஒரு வாய் கொடுப்பது பெரிய தப்பு. ஏழெட்டு வருஷமாக இன்டாலரன்ஸ் என்றும் செரிமானம் என்றும் நான் பேசியது எதுவும் போய்ச் சேராத இடத்துக்கு அந்த ஒரு சொல் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலமே பெருங்காய டப்பா சமையலறையை விட்டு வெளியேறியது. தாளித்த கரண்டியையே எனக்குத் தனியாக வைத்தார். பக்கத்து வீட்டு அக்கா உடம்புக்கு நல்லதென்று பாதாம்பால் கொண்டு வந்தபோது வாசலிலேயே மறித்து, "பத்தியத்துல இருக்குறா, ஒண்ணும் குடுக்கக்கூடாது" என்று திருப்பி அனுப்பினார். பாதாம்பாலை அவரே குடித்தார் என்பது வேறு விஷயம்.

எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. மூச்சுப் பரிசோதனைத் தாளைக் காட்டியபோது வராத மரியாதை, நானாக அடித்துவிட்ட நாற்பது நாளுக்கு வருகிறதே என்று. டாக்டர் நாற்பது என்று சொல்லவே இல்லை.

முப்பதாம் நாளுக்குப் பிறகு முன்னேற்றம் இருந்தது, ஆனால் நேராக இல்லை. மூன்று நாள் நன்றாக இருக்கும், நான்காம் நாள் காரணமே இல்லாமல் பின்னால் இழுக்கும். ஆபீசில் மத்தியானம் எல்லாரும் டப்பாவைத் திறக்கும்போது நான் என் வெள்ளைச் சோற்றைத் திறந்தால், "இன்னுமா?" என்று ஒருத்தர் கேட்பார். அந்த "இன்னுமா"வுக்கு என்னிடம் பதில் இல்லை. காய்ச்சல் இருந்தால் தெர்மாமீட்டரைக் காட்டலாம். இங்கே காட்டுவதற்கு என்ன இருக்கிறது, பேன்ட் இடுப்பில் ஊக்குக் குத்தியிருப்பதைத் தவிர?

நாற்பத்து மூன்றாம் நாள். அத்தை இரண்டு நாளாகவே வெளியில் வைத்துப் புளிக்கவைத்த தயிரை எடுத்து வந்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனாலே புளிப்பு ஏறியது. சூடு ஆறின சோறு ஒரு கைப்பிடி, தயிர் இரண்டு ஸ்பூன், உப்பு. பிசைந்தபோது சோறு பெயருக்குத்தான் வெள்ளையானது. நான் சாப்பிட, எதிரில் உட்கார்ந்து அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி. இரண்டு மணி. மகள் வந்து என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு "ஒண்ணும் சொல்லல" என்று அறிவித்துவிட்டுப் போனாள். ராத்திரி ஒன்பது மணிக்கு நோட்டில் எழுதினேன்: தயிர், 2 ஸ்பூன், ஒன்றுமில்லை. எழுதிவிட்டு விளக்கை அணைக்கப் போனால் அத்தை கதவருகில் நிற்கிறார்.

"நாளைக்கு மூணு ஸ்பூன் ஊத்தட்டுமா?"

"மூணு நாள் ஆகட்டுங்கத்தை."

"பத்தியந்தான் முடிஞ்சுதுல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.